நவூரு நாட்குறிப்பு

அக்டோபர் 26

பசிபிக் பெருங்கடலின் குட்டித் தீவு நாடான நவூருவில் இன்று அங்காம் நாள், பொது விடுமுறை. ஒரு குழந்தை பிறந்து தங்கள் எண்ணிக்கை 1,500-ஐத் தொட்ட 1932-ஆம் ஆண்டின் இந்த நாளை அம்மக்கள் இன்னும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். 1920-இல் விஷக்காய்ச்சல் பலரைக் கொண்டுபோன பிறகு, 1,500-க்குக் கீழேயே இருந்தால் இனமே அழிந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. 1943-இல் ஜப்பானியர் சுமார் 1,200 பேரை ட்ரக் தீவுகளுக்கு நாடுகடத்தினர். அவர்களில் எஞ்சிய 737 பேர் ஊர் திரும்பிய 1946 ஜனவரி 31-ஐ நினைவில் வைத்தே 1968-இல் அதே தேதியில் சுதந்திரம் பெற்றார்கள். இன்று மக்கள்தொகை ஏறத்தாழ 12,000.

அக்டோபர் 29

செயற்கைக்கோள் படத்தில் வெகுநேரம் ஆழ்ந்துபோனேன். நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, பசிபிக்கின் நடுவில், வெறும் 21 சதுர கிலோமீட்டர். கரையோரம் தென்னைகளும் வீடுகளுமாகப் பச்சை வளையம், தெற்கே யாரென் மாவட்டத்தில் கரையை ஒட்டி விமான ஓடுபாதை, உள்ளே புவாடா ஏரியைச் சுற்றி ஒரு பசுந்திட்டு. மற்றபடி நடுநிலம் பெரும்பாலும் சாம்பல் நிறம். உரத்துக்குப் பயன்படும் பாஸ்பேட்டைத் தோண்டி அள்ளியபின் எஞ்சிய சுண்ணாம்புப் பாறைகள் அங்கே ஆளுயரத்துக்கும் மேலாக ஊசி ஊசியாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே வீடு கட்டவும் இயலாது, பயிரிடவும் இயலாது. மக்கள் எல்லோரும் கரையோரத்திலேயே நெருங்கி வாழ்வதற்கு அதுதான் காரணம்.

நவம்பர் 2

பாஸ்பேட் விற்று வந்த திடீர்ப் பணத்தை ஊதாரித்தனமாகக் கரைத்த தீவு என்றே நவூருவைப் பற்றி எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். 1970-களில் உலகின் மிக உயர்ந்த தனிநபர் வருமானங்களுள் ஒன்று அங்கே இருந்தது. அப்போது வருமான வரி இல்லை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பி, கடன் பெருகியதும் 2004-இல் அதை விற்றார்கள். ஆனால் அதற்கு முன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தோண்டியவர்கள் யார்? ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய ஆணையம், பாஸ்பேட்டைச் சந்தை விலைக்கு விற்காமல், தத்தம் நாட்டு விவசாயிகளுக்கு அடக்க விலையில் கொடுத்துவந்தது. நிலத்துக்குரியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். சுரங்கம் முடிந்ததும் தீவு வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று கருதி, குயின்ஸ்லாந்தை ஒட்டிய கர்டிஸ் தீவில் குடியேற்றுவதாக ஆஸ்திரேலியா சொன்னது. அங்கே போனால் தனி நாடாக இருக்க முடியாது என்பதால், ஹேமர் டி ரோபர்ட் தலைமையில் நவூரு மக்கள் 1964-இல் அதை மறுத்தார்கள். அந்த மறுப்பை விட்டுவிட்டு நவூருவின் கதையைச் சொல்வது அநியாயம். பாழான நிலத்துக்காக 1989-இல் சர்வதேச நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1993-இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர இசைந்தது.

நவம்பர் 3

நாடாளுமன்றத்தில் 19 உறுப்பினர்கள். அவர்கள் தங்களுள் ஒருவரையே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்காளர் எல்லா வேட்பாளர்களையும் வரிசைப்படுத்த வேண்டும்: முதலிடத்துக்கு ஒரு வாக்கு, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒன்று. கட்சிகள் வலுவாக இல்லாததால் நம்பிக்கையில்லாத் தீர்மானங்களில் ஆட்சி அடிக்கடி கவிழ்ந்திருக்கிறது.

நவம்பர் 8

இன்றைய வருவாயில் பெரும்பங்கு, ஆஸ்திரேலியா அனுப்பும் புகலிடம் கோருவோரைத் தடுத்துவைக்கும் மையத்திலிருந்தும், சூரை மீன்பிடி உரிமங்களிலிருந்தும் வருகிறது. நிலம் இவ்வளவு சிறிதென்றாலும் கடல் உரிமை மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல்; அண்டைத் தீவு நாடுகளுடன் கைகோத்து, அயல்நாட்டுக் கப்பல்களுக்கு மீன்பிடி நாட்களை விற்கிறார்கள். எனக்கு இது நம்பிக்கை தருகிறது. மற்றதோ, ஆஸ்திரேலியத் தேர்தல் முடிவுகளைப் பொறுத்து வருவதும் போவதுமான பணம்.

இப்போது கடல்மட்டம் உயர்வதால், கரையோரத்து மக்களை உள்மேட்டுக்குக் குடியேற்ற அரசு திட்டமிட்டிருக்கிறது. அதற்கு அந்த ஊசிப்பாறைகளை வெட்டிச் சமன்செய்தாக வேண்டும். அந்த வேலைக்கான பணத்தை வெளியாரிடமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.