கானோபஸ் இன்னும் வரவில்லை

அக்டோபர் 16

பிரஷர் 138/88. இனி இடது பக்கம் மட்டும்தான் படுக்க வேண்டுமாம்.

அக்டோபர் 17

அவர் கப்பல் போய்ச் சேர வேண்டிய சிலி நாட்டுத் துறைமுகம், கொரோனல், என்று தேடினால் துறைமுகத்துக்கு முன்னால் ஒரு அட்மிரல் வருகிறார். சர் கிறிஸ்டோபர் கிராடாக். அளவாகக் கத்தரித்த கூர்தாடி, மடிப்புக் கலையாத சட்டை. யார்க்‌ஷயர்க்காரர், 1862இல் பிறந்தவர், 12 வயதில் கடற்படைப் பயிற்சிக் கப்பலில் ஏறியிருக்கிறார். பன்னிரண்டு! அந்த வயதில் என் தம்பிக்கு மெயின் ரோட்டில் சைக்கிள் ஓட்டவே அனுமதி கிடையாது.

1900இல் சீனாவில் டாகு கோட்டைகளைப் பிடிக்கும்போது பிரிட்டிஷ் மாலுமிகளை நடத்திப் போனவர். 1910இல் ரியர் அட்மிரல். 1911 டிசம்பரில் மொராக்கோ கரையோரம் 'டெல்லி' என்ற பயணிக் கப்பல் தரைதட்டி, அதில் அரசரின் தங்கை குடும்பத்தோடு மாட்டிக்கொண்டபோது மீட்புக்குப் போனவரும் இவர்தான். 'சர்' அதற்குப் பிறகு வந்தது. கடற்படை வேலையைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதும் அளவுக்கு அந்த உத்தியோகத்தின் மேல் ஆசை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாய் வளர்த்தார்.

கடைசி இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன். "பொண்டாட்டி இல்லாதவன் கடலுக்குப் போனா ஊருக்கு ஒரு கவலை மிச்சம்" என்றாள்.

அக்டோபர் 18

ஒரே டிக்.

அக்டோபர் 20

இன்று அவருக்கு அனுப்பிய மெசேஜில் இரண்டு டிக். கப்பல் இன்ஜினில் ஒரு யூனிட்டை நிறுத்திவிட்டு ஓட்டுகிறார்களாம், 9 நாட் வேகம்தான் வருகிறதாம். "கொரோனல்ல இறங்கிடுவேன், 14ஆம் தேதி வீட்ல இருப்பேன். நீ எப்படி இருக்க?"

நல்லா இருக்கேன் என்று அனுப்பினேன். 142/90.

9 நாட் என்றதும் மனசு கானோபஸுக்குப் போய்விட்டது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914இன் அக்டோபரில் கிராடாக் ஃபாக்லாந்து தீவுகளில் நின்றுகொண்டு, பசிபிக்கில் எங்கோ வந்துகொண்டிருக்கும் ஜெர்மன் அட்மிரல் ஸ்பீயைத் தேடிப் போக வேண்டும். கேட்டது நல்ல கப்பல்கள். லண்டன் அனுப்பியது கானோபஸ். 1890களில் கட்டியது. 12 அங்குலப் பீரங்கி நாலு இருக்கிறது, அதனால் இது உனக்குக் கோட்டை மாதிரி என்று அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் அலுவலகம் நினைத்துக்கொண்டது. வந்து சேர்ந்த கோட்டை, என்னால் 12 நாட்டுக்கு மேல் முடியாது, இன்ஜினைப் பழுதுபார்க்க வேண்டும் என்றது. அதைக் கூடவே வைத்துக்கொண்டால் எதிரியைப் பிடிக்க முடியாது, விட்டுவிட்டுப் போனால் எதிரியை அடிக்க முடியாது.

அக்டோபர் 22

பாட்டி யாரையாவது திட்டினால் "சரியான எம்டன்" என்பாள். அந்த எம்டன் இந்த ஸ்பீயின் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த கப்பல்தான் என்று இன்றைக்குத்தான் தெரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. தனியாக வந்த கப்பலே ஒரு ஊரின் பேச்சு வழக்கை மாற்றியிருக்கிறது. மிச்சக் கூட்டம் மொத்தமும் கிராடாக்கின் பக்கம்.

கால் வீக்கம். செருப்பு ஏறவில்லை.

அக்டோபர் 24

செக்கப். யூரினில் புரோட்டீன் ஒரு பிளஸ். டாக்டரம்மா அந்த இடத்தில் மட்டும் பேனாவை ஒரு நொடி நிறுத்தினார். மாத்திரையை மூன்று வேளையாக்கிவிட்டார். "ஹஸ்பண்ட் எப்போ வர்றார்?" 14 என்றேன். காலண்டரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 26

சாயங்காலம் மறுபடி கிராடாக். இதே 26ஆம் தேதி ஒரு தந்தி அடித்திருக்கிறார். கானோபஸ் மெதுவாக வருவதால் எதிரியைத் தேடி அழிப்பது நடைமுறையில் ஆகாது, டிஃபென்ஸ் கப்பலை என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், கானோபஸை நிலக்கரிக் கப்பல்களுக்குக் காவலாகப் போடுகிறேன் என்று. சர்ச்சில் அதைப் படித்துவிட்டு, தந்தி தெளிவாக இல்லை, இவர் என்ன செய்ய நினைக்கிறார், என்ன வேண்டும் என்கிறார் என்று புரியவில்லை என எழுதி வைத்தார்.

எனக்கு நன்றாகவே புரிகிறது. 'பயமாக இருக்கிறது, ஆள் அனுப்புங்கள்' என்பதை ஒரு அட்மிரல் இப்படித்தான் எழுதுவார்.

டிஃபென்ஸ் வரவில்லை.

அக்டோபர் 27

சாப்பாட்டில் உப்பே இல்லை. மோர் குடித்தால் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கிறது. அத்தை போன் செய்து "நல்லாத்தானே இருக்க?" என்றார். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது.

அக்டோபர் 28

ட்ரூபிரிட்ஜ் விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். அதுதான் முக்கியம் என்று படுகிறது. ஆகஸ்டில் மத்திய தரைக்கடலில் கோபன் என்ற பெரிய ஜெர்மன் கப்பலைத் துரத்திப் போன அட்மிரல் ட்ரூபிரிட்ஜ், இது நம்மால் முடியாத பலம் என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார். கணக்கு சரிதான். ஆனால் கோழை என்று பேச்சு கிளம்பி, ராணுவ விசாரணை வரை போனது. கிராடாக் கடைசியாக எழுதிய கடிதங்களில் ஒன்றில், பாவம் ட்ரூபிரிட்ஜுக்கு நேர்ந்தது எனக்கு நேராமல் பார்த்துக்கொள்வேன் என்று இருக்கிறது.

நாற்பது வருஷ சர்வீஸ் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கிறது. எதிரியைவிட, லண்டனில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்பதுதான் பெரிய பயம். விசாரணை நவம்பர் 5இலிருந்து 9 வரை நடந்தது. ட்ரூபிரிட்ஜ் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். அதைக் கேட்க கிராடாக் இல்லை. ட்ரூபிரிட்ஜுக்கும் அதன்பிறகு கடலில் பதவி கொடுக்கவில்லை.

அக்டோபர் 30

அவருக்குப் பதிலாக வர வேண்டிய ரிலீவர் இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லையாம். கம்பெனியிலிருந்து சொன்னதை அப்படியே அனுப்பியிருக்கிறார்: ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. இந்த நாலு நாளாகத் தெரிந்தே என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். கோபத்தில் போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டேன். அப்புறம் நானே எடுத்துப் பார்த்தேன்.

நான் சொல்லாதது எத்தனை நாள்? பதினாலு.

அக்டோபர் 31

வாய்ஸ் நோட்டில் ஒரு கேள்வி கேட்டேன். கானோபஸின் தலைமை இன்ஜினியர் ஓர் உடம்பு சரியில்லாத மனுஷர், மனசும் சரியில்லை. அறையைவிட்டு வெளியே வராமலே இன்ஜின் மோசம் என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். உண்மையில் கப்பல் 16 நாட்டுக்கு மேல் போகும். இது கிராடாக்குக்குக் கடைசிவரை தெரியாது. எப்படி ஒருத்தர் கீழே இறங்கிப் பார்க்காமலே எழுதுவார்?

ராத்திரி பதில் வந்தது. பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல். "பயந்துட்டா அப்படித்தான். இன்ஜின் ரூம் படிக்கட்டுல நின்னுட்டு கால் இறங்காது. நான் பாத்திருக்கேன். நீ ஏன் இதெல்லாம் படிக்கற, தூங்கு."

யாரைப் பார்த்திருக்கிறார் என்று சொல்லவில்லை. ஐந்து தடவை கேட்டேன் அந்த நோட்டை.

நவம்பர் 1

148/96. வயிற்றில் இருப்பது காலையில் நன்றாக உதைத்தது. பத்து எண்ணினேன்.

இன்றைக்குத்தான் அந்த நாள். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

கிளாஸ்கோ என்ற சின்னக் கப்பல் கொரோனலுக்குள் போய்த் தந்திகளை வாங்கிக்கொண்டு காலையில் வெளியே வந்தது. அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு ஜெர்மன் கப்பல், லைப்ஸிக், என்று கிராடாக் நம்பினார். ஸ்பீ தன் கூட்டம் மொத்தத்துக்கும் லைப்ஸிக்கின் பெயரிலேயே வயர்லெஸ் அனுப்ப வைத்திருந்தார். அவரும் கிளாஸ்கோ தனியாக இருக்கிறது என்றே வந்தார். நாலரை மணிவாக்கில் புகை தெரிந்தது. ஒன்றல்ல.

ஓட நேரம் இருந்தது. 300 மைல் தெற்கே கானோபஸ் வந்துகொண்டிருந்தது. கிராடாக் அதற்கு ஒரு செய்தி அனுப்பினார், எதிரியை இப்போது தாக்கப் போகிறேன் என்று. அவ்வளவுதான்.

அவருடைய கப்பல் குட் ஹோப்பில் 9.2 அங்குலப் பீரங்கி இரண்டு. ஸ்பீயின் இரண்டு பெரிய கப்பல்களில் 8.2 அங்குலம் ஆளுக்கு எட்டு, சுடுவதில் ஜெர்மன் கடற்படையிலேயே பேர் எடுத்தவர்கள். குட் ஹோப்பின் ஆட்களில் பாதிக்கு மேல் போர் வந்ததும் வீட்டிலிருந்து கூப்பிட்டவர்கள். கனடாவின் கடற்படைப் பள்ளியில் முதல் பேட்சில் படித்த நாலு பையன்களும் அதில் இருந்தார்கள். கீழ்த்தட்டுப் பீரங்கிகளை அலை நனைத்துக்கொண்டே இருந்தது.

சூரியன் மேற்கே. கிராடாக்கும் மேற்கே. வெயில் ஜெர்மன்காரர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தவரை ஸ்பீ கிட்டே வரவில்லை. சூரியன் இறங்கியதும் பிரிட்டிஷ் கப்பல்கள் சிவந்த வானத்தில் கறுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி தெரிந்தன. ஜெர்மன் கப்பல்கள் சிலியின் கரையிருட்டில் கரைந்துவிட்டன. ஏழு மணிக்கு மேல் சுட ஆரம்பித்தார்கள். எட்டு மணிக்குள் குட் ஹோப் வெடித்தது. அப்புறம் கூட வந்த மான்மத். இரண்டு கப்பல்களிலும் ஒருவர்கூட மிஞ்சவில்லை. சுமார் 1,600 பேர். ஜெர்மன் பக்கம் மூன்று பேருக்குக் காயம்.

கிளாஸ்கோ தப்பித்தது. அதில் மாலுமிகள் பிரேசிலில் வாங்கிய கிளிகள் இருந்தன. சண்டைக்கு முன்னால் கூண்டைத் திறந்துவிட்டார்களாம். அவை போகாமல் கப்பலையே சுற்றி வந்தன.

கிளி நினைப்பில்தான் அழுகை வந்தது, 1,600க்கு வரவில்லை.

நவம்பர் 2

தலைவலி. கண் முன்னால் பூச்சி பறக்கிறது. அம்மாவிடம் வெயில் என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது.

நவம்பர் 3

டிஃபென்ஸை அனுப்புகிறோம், அது வரும்வரை தனியாக மோத வேண்டாம் என்று லண்டன் தந்தி அடித்தது 1914 நவம்பர் 3ஆம் தேதி. செத்து இரண்டு நாள்.

கானோபஸ் அப்புறம் ஃபாக்லாந்துக்குத் திரும்பியது. துறைமுகத்துச் சேற்றில் அதை உட்காரவைத்துக் கோட்டை ஆக்கினார்கள். கடைசியில் கோட்டைதான். டிசம்பர் 8 ஸ்பீ அங்கே வந்தபோது முதல் குண்டு அதனுடையது. அன்று சாயங்காலத்துக்குள் ஸ்பீயும் அவருடைய இரண்டு மகன்களும் கடலில்.

கொரோனலுக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிறார்களாம். கப்பலைக் கரையில் கட்ட பெர்த் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அங்கே எட்டரை மணி நேரம் பின்னால். அவருக்கு இன்னும் நேற்றுதான்.

நவம்பர் 4

160/104. இரண்டு தடவை பார்த்தாள் அம்மா. மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டு இழுத்தோம். ஃபைல், சார்ஜர், பழைய வேஷ்டித் துணி, ஃப்ளாஸ்க்.

அவருக்கு எல்லா நம்பரையும் தேதி போட்டு எழுதி அனுப்பிவிட்டேன், 16ஆம் தேதியிலிருந்து. புரோட்டீன், பூச்சி, எல்லாம். கடைசியில் எனக்குப் பயமாக இருக்கிறது என்றும்.

ஒரே டிக்.

கார் வந்துவிட்டது