இருமல் நின்ற பிறகுதான் வேலையே

டிபிக்கு ஆறு மாதம் மாத்திரை என்று டாக்டர் சொன்னபோது சித்தப்பா பேசாமல் தலையாட்டினார். வம்பு ஆரம்பித்தது இரண்டாவது மாதத்தில். இருமல் நின்றது, பசி எடுத்தது, கன்னம் கொஞ்சம் உப்பியது, "அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்குடா இதெல்லாம்?" என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. கிருமிகளில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும், மெதுவாகப் பெருகும் மிச்சம்தான் உள்ளே பதுங்கியிருக்கும், பாதியில் விட்டால் அது மறுபடி கிளம்பும், அடுத்த முறை இதே மருந்துக்கு மசியாமலும் போகலாம். இதைத் திட்டாமல் சொன்னால் கேட்கிறார்கள்.

முதல் நாளே சொல்லிவிட வேண்டிய இன்னொன்று, டிபிக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மனுஷன் அட்டையோடு தூக்கிப் போட்டுவிடுவார். குமட்டலும் அப்படித்தான். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவராகவே முடிவுகட்டி நிறுத்துவதற்குள், எந்த நேரத்தில் எப்படிச் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போய்விட வேண்டும்.

டிபியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம்ம சென்னைதான், தெரியுமா? 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வு மையத்தில் ஒரே மருந்தைச் சிலருக்கு சானடோரியத்திலும் (டிபி நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி) சிலருக்கு வீட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஆனால் சும்மா கொடுத்து அனுப்பிவிடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். "சாப்பிட்டேன்" என்ற வார்த்தையை அப்போதே யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை!

அதற்காக வீட்டில் நாம் போலீஸ் வேலை பார்த்தால் மாத்திரை ஜன்னல் வழியாகப் போகும். "போட்டீங்களா?" என்று கேட்டால் எப்போதும் "போட்டேன்"தான். "நேத்து எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டபோதுதான் சித்தப்பா நான்கு மாத்திரையும் தொண்டையில் நிற்கிறது என்றார். ஒவ்வொன்றாக, நிறைய தண்ணீரோடு விழுங்கச் சொன்னோம், அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம், ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாள் மருந்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது. மாத்திரை தரும் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லுங்கள், என்ன செய்வது என்று அவர் சொல்வார்.