ஆபீஸ் வேலையும் குரூப் 4 படிப்பும்: போன் குறிப்புகளில் டேக் வைக்கும் முறை

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ வேலை பார்த்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். காட்பாடியில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், ராத்திரி ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் எதை எடுத்துப் படிப்பது என்று போனைத் தடவுவதிலேயே பாதி போய்விடுகிறது. டேக், அதாவது தேடி எடுப்பதற்காகக் குறிப்பில் # போட்டு எழுதும் அடையாளச் சொல், வைப்பது இந்தத் தடவலை ஒழிப்பதற்குத்தான். அதைச் சரியாக வைக்காவிட்டால் தடவல் இன்னும் கூடும்.

பலரும் முதலில் செய்வது பாடப் பெயரை டேக் ஆக்குவது: #வரலாறு, #புவியியல், #அரசியலமைப்பு. மூன்று மாதம் கழித்து #வரலாறு என்று தொட்டால் நூறு குறிப்பு வந்து நிற்கும். அதில் எது படித்து முடித்தது, எது பாக்கி என்று ஒன்றும் தெரியாது. பாடத்துக்கு ஃபோல்டர் போதும், ஒரு குறிப்பு ஒரு பாடத்தில்தான் இருக்கப்போகிறது. டேக் சொல்ல வேண்டியது, அந்தக் குறிப்பை அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை. அதனால் டேக்கை வினையாக வையுங்கள்: #படி, #மறுபடி, #சரிபார், #கேள்.

#படி என்றால் இன்னும் தொடாதது. #மறுபடி என்றால் படித்தும் மனதில் நிற்காதது. #கேள் என்றால் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடக்கூடியது. இவற்றோடு #ஆபீஸ் ஒன்று, #ரயில் ஒன்று. #ரயில் என்பது நின்றுகொண்டே ஒரு கையால் பார்க்கக்கூடியது: திருக்குறள் பொருள், ஆண்டு, நூல்–நூலாசிரியர். திறனறி கணக்குக்கு இந்த டேக் வேண்டாம். பேப்பரும் பேனாவும் இல்லாமல் தனிவட்டி கூட்டுவட்டி போட்டால் பாதியில் விட்டுவிடுவோம், விட்ட இடம் மறந்துபோகும்.

#சரிபார் நம் பக்கத்துக்காரர்களுக்குக் கட்டாயம் வேண்டும். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. மிச்சம் பிறகு வேலூர் மாவட்டமானது. அதுவும் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பழைய கைடில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் ஏலகிரியும் வேலூர் மாவட்டம் என்றிருக்கும், இப்போது இரண்டும் திருப்பத்தூரில். வாலாஜாபேட்டையும் ஆற்காடும் ராணிப்பேட்டையில். பழைய புத்தகத்திலிருந்து எடுக்கும் எந்த மாவட்ட வரியையும் #சரிபார் போடாமல் உள்ளே விடாதீர்கள். ஊர்க்காரர்தானே, தெரியும் என்று நினைக்கிற இடத்தில்தான் கை தவறும்.

ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொள்வோம்:

வேலூர்ப் புரட்சி, 1806 ஜூலை 10
☐ ஆளுநர் வில்லியம் பெண்டிங், தலைமைத் தளபதி ஜான் கிரடாக் #மறுபடி #ரயில்
☐ கில்லஸ்பி எந்த ஊரிலிருந்து படையோடு வந்தார்? ஆற்காடு #மறுபடி
☐ புதிய தலைப்பாகை, தோல் பட்டை: உத்தரவு எந்த ஆண்டு? #சரிபார்

டேக் தலைப்பில் இல்லை, வரியில் இருப்பதைக் கவனியுங்கள். தேதி நன்றாகத் தெரியும், அதற்கு டேக் எதற்கு? பெண்டிங்கும் கிரடாக்கும்தான் இடம் மாறிப்போகிறார்கள், ஆகவே அந்த வரிக்கு #மறுபடி. முழுக் குறிப்புக்கும் #மறுபடி போட்டால், தெரிந்த பத்து வரியையும் தெரியாத ஒரு வரிக்காகத் திரும்பப் படிப்போம்.

இங்கேதான் எந்த ஆப் என்பது முக்கியமாகிறது. ஆப்ஸிடியன் என்ற குறிப்பெழுதும் ஆப்பில் வரிக்கு வரி டேக் போடலாம், முடிக்காத பணிகளை மட்டும் தேடி எடுக்கவும் முடியும். ஒன்நோட்டிலும் டேக் பத்திக்குத்தான் ஒட்டும். கம்ப்யூட்டரில் கன்ட்ரோலோடு 1 அழுத்தினால் செய்யவேண்டியது என்ற கட்டம் வரும், 2 அழுத்தினால் முக்கியம் என்ற நட்சத்திரம், 3 அழுத்தினால் கேள்விக்குறி. கூகுள் கீப்பில் டேக்குக்குப் பெயர் லேபிள், அது முழுக் குறிப்புக்கும்தான் ஒட்டும், வரிக்கு ஒட்டாது. கீப் வைத்திருப்பவர்கள் ஒரு குறிப்பில் ஒரே ஒரு விஷயம் என்று சிறியதாக உடைத்து எழுத வேண்டும்.

ஆப்ஸிடியனில் தடுக்கி விழும் இடங்கள் சில. டேக்கில் இடைவெளி கூடாது: #வேலூர் புரட்சி என்று எழுதினால் #வேலூர் மட்டும் டேக் ஆகும், புரட்சி வெறும் சொல்லாக வெளியே நிற்கும். வெறும் எண்ணும் டேக் ஆகாது. #1806 என்று எழுதிவிட்டுப் பட்டியலில் காணோமே என்று தேட வேண்டாம், கூட ஓர் எழுத்தாவது இருக்க வேண்டும். சாய்கோடு போட்டு #மறுபடி/தமிழ் என்று கிளை பிரிக்கலாம். #மறுபடி என்று தேடினால் கிளையும் சேர்ந்தே வரும். ஒரு கிளைக்கு மேல் இறங்காதீர்கள், அதற்குமேல் போனால் டைப் செய்யவே சோம்பல் வந்துவிடும்.

தமிழில் டேக் வைப்பதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. பௌத்தம் என்பதை ஒருநாள் ஔகாரக் குறி போட்டு அடிப்போம், இன்னொரு நாள் ஒற்றைக்கொம்பும் ள என்ற எழுத்துமாகச் சேர்த்து அடிப்போம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆப்புக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. வரலாறு, வரலாற்று என்று வேற்றுமையில் மாறுவதும் இப்படியே. ஆகவே டேக்கை ஒவ்வொரு முறையும் முழுதாக அடிக்காமல், # போட்டு முதல் எழுத்தை அடித்ததும் வரும் பட்டியலிலிருந்து தொட்டு எடுங்கள். பழைய எழுத்துருவில் இருக்கும் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கன்னாபின்னா எழுத்து வரும், அதுவும் தேடலில் சிக்காது. இரண்டு வரியானாலும் கையால் அடித்துவிடுவது நல்லது.

மாதிரித் தேர்வுக்குத் தனியாக மூன்று டேக் வேண்டும். குரூப் 4இல் 200 கேள்வி, 3 மணி நேரம். 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தவறான விடைகளைப் பாடவாரியாகப் பிரிப்பதோடு நின்றுவிடாமல், ஏன் தவறியது என்றும் பிரியுங்கள். #தெரியாது: படிக்கவே இல்லை. #குழப்பம்: இரண்டு விடைக்கு நடுவில் தவறானதைத் தொட்டது. #கவனம்: தெரிந்தும், 'பொருந்தாதது எது' என்ற சொல்லைப் பார்க்காமல் போனது. மூன்றுக்கும் மருந்து வேறு. #தெரியாது அதிகம் இருந்தால் பள்ளிப் பாடப்புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். #குழப்பம் அதிகம் இருந்தால் குழம்பும் இரண்டையும் எதிரெதிரே எழுதிய அட்டவணை வேண்டும், இன்னொரு தடவை பாடம் படிப்பதால் அது தீராது. #கவனம் அதிகம் இருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு, கேள்வியின் கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டபடி நேரம் வைத்து இன்னும் இரண்டு தேர்வு எழுதுங்கள். மதிப்பெண் ஏறாமல் நிற்கும் பலருக்கு இந்தப் பிரிப்பு ஒன்றே வழி காட்டிவிடும்.

டேக்கை எடுப்பது போடுவதைவிட முக்கியம். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு டேக்கையும் திறந்து, முடிந்ததை அழியுங்கள். #மறுபடியில் ஒரு வரியைப் புத்தகம் பாராமல் இரண்டு வெவ்வேறு நாளில் சரியாகச் சொன்னால் அதன் டேக்கை எடுத்துவிடலாம். ஒரு டேக்கில் முப்பது வரிக்குமேல் தேங்கினால் அதைத் திறக்கவே மனம் வராது.

தேதி உள்ள வேலைக்கு டேக்கை நம்பாதீர்கள், டேக் மணி அடிக்காது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மாதாந்திர ஜிஎஸ்டி படிவங்களில் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி கடைசி. இவை காலண்டரில் நினைவூட்டலோடு இருக்க வேண்டும், #ஆபீஸ் பட்டியலில் மட்டும் கிடக்கக் கூடாது. அந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு நாளும் படிப்புக்கு #ரயில் வரிகளைத் தவிர வேறு எதுவும் திட்டமிடாதீர்கள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது #படி டேக்கை மொத்தமாக மூடிவிடுங்கள். #மறுபடியில் மிஞ்சியதை மட்டும் ஒரு ஏ4 தாளின் இரண்டு பக்கத்தில் கையால் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மையத்துக்குள் போனுக்கு அனுமதி கிடையாது, வாசலில் நிற்கும் கடைசி அரை மணி நேரத்துக்கு அந்தத் தாள்தான் உதவும்.