என் கைக்கே வராத 8,200 ரூபா

ஜூன் 27, வெள்ளிக்கிழமை பின்னேரம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. 155,800 ரூபா வரவு. எனக்கு வரவேண்டியது 64,000. ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 32 பக்கப் பயிற்சிக் கைநூலைச் சிங்களத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்திருந்தேன், பக்கத்துக்கு 2,000 வீதம்.

கூடுதலாக விழுந்துவிட்டது என்பது உடனே விளங்கியது. ஆனால் இது என்ன கணக்கு? இரண்டு தரம் போட்டிருந்தால் 128,000 வரவேண்டும். இரவு கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. 64,000-க்கு முன்னால் யாரோ ஓர் ஒன்றைப் போட்டு 164,000 ஆக்கியிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணம் ஓர் இலட்சத்தைத் தாண்டினால் கொடுப்பவரே 5 சதவீதத்தை நிறுத்திவைத்தல் வரியாகக் கழித்து, வாங்குபவரின் பெயரில் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். 164,000-க்கு அது 8,200. கழித்தால் சரியாக 155,800. இந்த 8,200-ஐ மறக்காமல் வைத்திருங்கள். பிறகு வந்த பதினேழு நாளையும் தின்றது அதுதான்.

"ஊரான் காசு வீட்டுக்குள்ள கிடக்கப்படாது புள்ள, விடிஞ்சதும் குடுத்திரு" என்றார் அம்மா. அந்த வாரம்தான் அடகு வைத்த காப்புக்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது. ஏடிஎம் அட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

விடிந்ததும் தெரியாத கைபேசி இலக்கத்திலிருந்து அழைப்பு. கொழும்பு நிதிப் பிரிவில் இருந்து பேசுவதாகச் சொன்னார். "தங்கச்சி, சின்னப் பிழை ஒண்டு நடந்திட்டுது. ஒரு இலட்சம் கூடப் போயிருக்கு. நான் ஒரு கணக்கிலக்கம் அனுப்புறன், அதுக்குப் போட்டுவிடுங்க." வாட்ஸ்அப்பில் இலக்கம் வந்தது. பார்த்தால் ஒரு தனி ஆளின் பெயரில் உள்ள கணக்கு! கேட்டதற்கு, அலுவலகக் கணக்குக்குப் போட்டால் இழுபடும், இது லேசு என்றார். நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், அலுவலக மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள் என்றேன். "என்னில நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்பட்டார். நேற்றுவரை அவர் யாரென்றே எனக்குத் தெரியாது, இதில் நம்பிக்கை எங்கிருந்து வரும்?

இதில் மட்டும் யாரும் ஏமாந்துவிட வேண்டாம். அழைத்த இலக்கத்துக்கே திரும்ப அழைத்து விசாரிப்பதில் பயனில்லை. ஒப்பந்தக் கடிதத்தில் இருந்த அலுவலகத் தொலைபேசிக்கு வேலை நாளில் அழைத்தேன். ஆள் உண்மையில் அங்கே வேலை செய்கிறவர்தான். மேலிடம் காண்பதற்குள் சத்தமில்லாமல் சரிக்கட்டப் பார்த்திருக்கிறார். கள்ளன் இல்லை என்பது ஆறுதல். ஆனால் அவர் சொன்ன கணக்குக்குப் போட்டிருந்தால், நிறுவனத்தின் புத்தகத்தில் நான் இன்னும் ஓர் இலட்சம் கடன்காரிதான்.

வங்கியில் என் நல்ல காலம், கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமையானவர். தாங்களாக எடுத்துத் திருப்ப முடியாது என்றும், அனுப்பிய வங்கி எழுத்தில் கேட்டு நான் ஒப்பம் வைத்தால்தான் நடக்கும் என்றும் சொன்னார். கணக்குக் கூற்று ஒன்றை முத்திரை குத்தித் தந்தார். எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் திகதியில், எவ்வளவு வந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. முதல் வேலையாக இந்தக் கடதாசியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மட்டக்களப்புப் பயணம். நிறுவனத்தின் மாவட்ட இணைப்பாளர் "வெள்ளி காலமை வாங்க, கடிதத்த கையிலயே தாறன்" என்றிருந்தார். களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ், கல்லடிப் பாலத்துக்கு வரும்போதே சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. அலுவலகத்தில் ஆள் இல்லை. விடியவே வாகரைக்குப் போய்விட்டாராம். கடிதம்? அவருடைய மேசை லாச்சியில். திறப்பு? அவரோடு வாகரையில். முன் மேசைப் பிள்ளை பாவம், ஒரு பிளேன்ரீ தந்து, மூன்று மணிக்கு வந்துவிடுவார் என்றார். நாலரை வரைக்கும் இருந்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஒரு நாள் வேலை போனது. அந்தக் கடிதம் திங்கட்கிழமை ஸ்கேன் பண்ணி மின்னஞ்சலில் வந்தது. அதை வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கடிதத்தைத் திறந்து பார்த்தால் 100,000 ரூபாவைத் திருப்பிச் செலுத்தவும் என்று இருந்தது.

எனக்கு வந்ததே 155,800. அதில் என்னுடைய 64,000 போனால் மிச்சம் 91,800. ஓர் இலட்சம் கொடுக்க வேண்டுமென்றால் 8,200-ஐ என் கைக்காசில் போட வேண்டும். அழைத்துக் கேட்டேன். முதலில் அழைத்த அதே நிதிப் பிரிவுத் தம்பிதான் எடுத்தார். "எங்கட சிஸ்டத்தில ஒரு இலட்சம்தான் கூடக் காட்டுது. 8,200 வரியாப் போயிட்டுது. சான்றிதழ் தருவம், நீங்க இறைவரியில திருப்பி எடுக்கலாம்."

கேட்க நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரிவிலக்கு. என் வருமானம் அதன் பக்கத்திலும் இல்லை. அந்த 8,200-க்காக நான் வருட முடிவில் வரி விவரத்திரட்டு நிரப்பி, மீளளிப்புக் கேட்டு, காத்திருக்க வேண்டும். அதைவிட மோசம், சான்றிதழில் நான் 164,000 உழைத்ததாக இருக்கும். உழைக்காத ஓர் இலட்சத்துக்கு இறைவரித் திணைக்களத்தில் விளக்கம் சொல்லப்போவது யார், அந்தத் தம்பியா?

எங்கள் ஒழுங்கையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த மாசத்தில கழிச்சவங்க?"

"ஜூன்."

"அப்ப ஜூலை 15 மட்டும் கட்டத் தவணை இருக்கு புள்ள. போயிட்டுது எண்டு வாயால சொன்னா காணாது, கட்டின திகதியக் கேளு."

ஒரு மாதத்தில் கழித்த வரியை அடுத்த மாதம் 15-ஆம் திகதிக்குள் திணைக்களத்துக்குக் கட்டினால் போதும். அன்று ஜூலை 7. அடுத்த நாள் காலை மின்னஞ்சல் எழுதினேன், தலைமைக் கணக்காளருக்கும் பிரதி போட்டு. என் இன்வொய்ஸ் 64,000, அது ஓர் இலட்சத்தைத் தாண்டாததால் அதற்கு இந்த வரியே இல்லை, எனக்கு வந்தது 155,800, இதோ வங்கிக் கூற்று, ஆகவே நான் திருப்பித் தரவேண்டியது 91,800. கடைசியில் ஒரு கேள்வி: ஜூன் மாதத்துக்கான வரியைக் கட்டிவிட்டீர்களா, எந்தத் திகதியில்? கோபமான சொற்கள் இரண்டு இருந்தன, அனுப்பும் முன் அழித்துவிட்டேன்.

புதன் பதில் இல்லை. வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை. வெள்ளி காலை தலைமைக் கணக்காளரே அழைத்தார். "இன்னும் கட்டேல்ல. நாங்க இங்க திருத்திக்கொள்ளுறம். நீங்க 91,800 அனுப்பினாப் போதும்." இரண்டு நிமிடம்கூடக் கதைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, இதற்காகவா இவ்வளவு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாய் என்றார்.

ஜூலை 14, திங்கள். என் ஆப்பில் ஒரு நாளைக்கு 50,000-க்கு மேல் அனுப்ப முடியாதபடி நானே வரம்பு போட்டிருந்தேன். இரண்டாக உடைத்து அனுப்பினால் இவர்கள் ஒன்றைப் பதிந்து மற்றதைத் தேடுவார்கள் என்ற பயத்தில் வங்கிக்கே போய் ஒரே தடவையில் மாற்றினேன். காசு வந்த அதே கணக்குக்குத்தான். விவரக் குறிப்பில் இன்வொய்ஸ் இலக்கத்தையும், கூடுதலாக வந்ததன் மீளளிப்பு என்பதையும் எழுதினேன். கட்டணம் என் தலையில். அதையும் கழித்துக்கொண்டு அனுப்பட்டுமா என்று முதலே கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

ரசீதும், ஜூன் கொடுப்பனவு 64,000 எனத் திருத்தப்பட்டது, வரி எதுவும் கழிக்கப்படவில்லை என்ற கடிதமும் கேட்டு மூன்று தரம் நினைவூட்ட வேண்டியிருந்தது. ஓகஸ்டில் இரண்டும் ஒன்றாக வந்தன. தொகை சரி, திகதி சரி. என் பெயரில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை. திருத்தச் சொல்லி எழுதவில்லை. எழுதினால் காசை மறுபடியும் அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.