பால்வெட்டுக் கவிதை, மின்னிசை, சுவரில் ஒரு கோடு: இதுவரை செய்து பார்த்தவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) குறைந்து செம்பனை வந்துவிட்ட நிலையில், விடியுமுன் பால் வெட்டப் போனவர்களைப் பற்றி நான் எழுதிய கவிதையை, அந்த வேலையைச் செய்த அத்தையே தம் குரலில் சொல்ல, அதற்கு மின்னிசையும் சுவரில் ஒளியால் வரையும் ஓவியமும் சேர்த்து வருகிறேன். இசைக்கான ஓசைகளையும் தோட்டத்திலிருந்தே எடுத்தேன்: பட்டையை உளி சீவும் ஓசை, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் பால் சொட்டும் ஓசை, செம்பனைக் குலை மண்ணில் விழும் ஓசை. பியேர் ஷேஃபர் 1948-இலேயே பாரிஸில் ரயில் ஓசைகளைப் பதிந்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு இசையாக்கியவர் என்பதால் வழி புதிதன்று. குலை விழும் ஓசையில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள தாழ்ந்த அதிர்வை மட்டும் வைத்துக்கொண்டதும், கடையில் கிடைக்கும் எந்த டிரம் ஓசையும் அதற்கு ஈடாகவில்லை.

சிக்கல் குரலில்தான் இருந்தது. குரலுக்கு ஆழம் வேண்டும் என்று ரிவெர்ப் (மண்டபத்தில் பேசுவதுபோல் எதிரொலித்து நீளும் ஓசை) சேர்த்துப் போட்டுக் காட்டியபோது, "என்னப்பா, என் பேச்சு பானைக்குள்ள இருந்து கேக்குது?" என்றார் அத்தை. அவர் சொன்னது சரியே. தமிழில் ஒற்று இரட்டிக்கும் இடத்தில் நாக்கு ஒரு கணம் அடைத்து நிற்கிறது. அந்தச் சிறு மௌனமே "காட்டு" என்பதையும் "காடு" என்பதையும் காதுக்குப் பிரித்துக் காட்டுகிறது. ரிவெர்ப்பின் வால் அந்த மௌனத்தை நிரப்பிவிட்டால் வல்லினம் கரைந்து சொல்லே மாறிப்போகிறது. ஆகவே ரிவெர்ப்பை 60 மில்லி வினாடி தாமதித்துத் தொடங்கச் செய்து, குரல் ஒலிக்கும்போதெல்லாம் அது தாழ்ந்து, அடி முடிந்த பிறகே எழும்படி, உரப்பைத் தானாக அடக்கும் கம்ப்ரெசரோடு இணைத்தேன். இப்போது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுகிறது, ஆழமும் கெடவில்லை.

தாளத்தில் அத்தையை மெட்ரோனோமுக்குக் கட்டுப்படுத்தவில்லை. நாற்சீர் அடியாக எழுதியிருந்தால் நான்கு தட்டில் அது தானாகவே உட்கார்ந்திருக்கும். இதுவோ மூச்சுக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் வரும் புதுக்கவிதை. நிமிடத்துக்கு 84 தட்டு என்று ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் வைத்துக்கொண்டு, குரலை அதன் போக்கில் விட்டு, அடியின் கடைசியில் வரும் வினைமுற்றுக்குப் பிறகே குலையோசை விழும்படி அமைத்தேன். யார், எங்கே, எதை என்பதெல்லாம் முன்னால் வந்து, என்ன ஆயிற்று என்பது இறுதியில் மட்டுமே தெரியும் மொழியில், இசை முந்திக்கொண்டு வெடித்தால் கேட்பவருக்கு வினை கேட்காமலே போய்விடும். பிறமொழிப் பாடல்களில் கேட்டுப் பழகிய, இசை திடீரென வெடித்து விழும் 'டிராப்'பை அப்படியே கொண்டுவந்து ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓவியத்துக்கு ஒரே ஒரு கோடு போதும் என்று முடிவு செய்தேன். மரத்தில் வெட்டு விழுவதைப் போலவே, இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் அது சுவரில் ஓடுகிறது. டச்டிசைனர் என்ற காட்சி மென்பொருளில் குரலின் உரப்பு கோட்டின் தடிமனை மாற்றுகிறது. குரல் நின்றதும் கோட்டின் நுனியிலிருந்து வெள்ளை வழிகிறது. உரப்பை நேரே கொடுத்தால் கோடு நடுங்கிக்கொண்டே இருந்ததால், இடையில் 'லேக்' என்ற பகுதியை வைத்து, வேகமாகத் தடித்து மெதுவாக மெலியும்படி செய்ததும் அது மை ஊறுவதைப் போல அடங்கியது. வேறு வண்ணம் எதுவும் சேர்க்கவில்லை; சேர்த்தால் கண் சுவரிலேயே தங்கிவிட, கவிதை பின்னணி இரைச்சலாகிவிடும். கோயில் மண்டபத்தின் வெள்ளைச் சுவரில் காட்டிப் பார்த்ததில், இரவு ஏழரைக்கு முன் புரொஜெக்டர் வெளிச்சம் எடுபடவில்லை.

இனி உறுமி மேளம். வளைந்த குச்சியைத் தோலில் இழுத்து எழுப்பும் அந்த முனகலைப் பதிவாக வைத்தபோது, கணினியில் செய்த பேஸ் என்னும் தாழ்சுருதி ஓசை தேவையற்றதாயிற்று. மேளக்காரர் நேரில் வாசிப்பதானால் அவர் கணினிக்குப் பின்னால் ஓடக்கூடாது, கணினிதான் அவரைத் தொடர வேண்டும்; அதனால் திரும்பத் திரும்ப ஓடும் ஓசைத் துண்டுகளான லூப்களைக் காலால் மிதித்து எழுப்பும் பெடலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.