எலிக்கும் அப்பாவுக்கும் நடுவில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் ஓர் எடை மெஷின் கிடக்கும். காலையில் கோப்பி குடிக்கும் முன் அப்பா அதில் ஏறி நின்று, எண்ணைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள். 30 வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மாரடைப்பு வந்து 2 வருடம் கழித்து, இதயத்தின் பம்ப் சக்தி 30 விழுக்காடுதான் என்று எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரில் முதுகலை ஆய்வுக்கு எனக்கு இடம் கிடைத்தது. நியூரெகுலின் என்ற புரதத்தை மாற்றி வடிவமைத்து, அப்பாவைப் போலப் பம்ப் சக்தி குறைந்த, அதாவது இதயச் செயலிழப்பு உள்ள எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் வேலை. இது நம் உடம்பே சுரக்கும் புரதம்தான். இதயத் தசை அணுக்களின் மேல் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் எர்ப்பி4 என்ற ஏற்பி இருக்கிறது. நியூரெகுலின் அதில் போய் ஒட்டும்போது அந்த ஏற்பி தன் இனத்து எர்ப்பி2-உடன் ஜோடி சேர்ந்து, தசைக்குத் தெம்பூட்டும் சமிக்ஞையை அனுப்பும். மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்து எர்ப்பி2-ஐ அடைப்பதால் சிலருக்கு இதயம் பலவீனமாவதைப் பார்த்தபோது, இந்தப் பாதை இதயத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று மருத்துவர்களுக்குப் புரிந்தது. சிக்கல் என்னவென்றால், அதே நியூரெகுலின் அந்த இனத்தின் இன்னொரு ஏற்பியான எர்ப்பி3-லும் ஒட்டும். குடல் உபாதை வரும், புற்று அணுக்களைத் தூண்டிவிடுமோ என்ற பயமும் உண்டு. எர்ப்பி3 பக்கம் போகாமல் எர்ப்பி4-ஐ மட்டும் பிடிக்கும்படி புரதத்தை மாற்றுவதுதான் எங்கள் நோக்கம்.

விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் விண்ணப்பப் பாரம் என்னைத் தூங்கவிடவில்லை. எத்தனை எலி, ஏன் அத்தனை, அதற்குக் குறைவாக முடியாதா, எந்த நிலைக்கு மேல் ஓர் எலியை வேதனைப்பட விடமாட்டோம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். இங்கே 2015ஆம் வருட விலங்கு நலச் சட்டமும் இருக்கிறது. அந்தக் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

முதல் அறுவை நாளை மறக்க முடியாது. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் வைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே திறந்தால், ஏறக்குறைய 1 கிராம் எடையில் ஓர் இதயம் நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் துடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ரத்தம் கொடுக்கும் இடப்பக்கக் குழாயை மெல்லிய நூலால் கட்டியதும், சில வினாடிகளில் இதயத்தின் நுனி வெளுத்துப்போகிறது. அப்பாவின் நெஞ்சுக்குள் நடந்ததும் இதுதானே என்று கை நடுங்கியது. எலிகளுக்கு வலி மருந்து போட்டு, சூட்டுப் படுக்கையில் கிடத்தி, இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் 24 மணி நேரத்தில்தான் துடிப்பு தாறுமாறாகிச் சில செத்துப்போகும். செத்த ஒவ்வொன்றையும் பதிவில் எழுதினோம். எழுதாமல் விட்டால் பிழைத்தவற்றின் கணக்கும் பொய்யாகிவிடும்.

மருந்தை எப்போது தொடங்குவது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அறுவை முடிந்த அன்றே கொடுத்தால் முடிவு பிரமாதமாக வரும். ஆனால் அது மாரடைப்பின் காயத்தைச் சிறிதாக்கும் சிகிச்சை. செயலிழந்துவிட்ட இதயத்துக்கானது இல்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது! 4 வாரம் காத்திருந்து, எக்கோவில் இதயம் விரிந்து தளர்ந்ததை உறுதி செய்த பிறகே ஊசி என்று நான் பிடிவாதமாக நின்றேன். தீனிச் செலவும் நாளும் கூடியது. கடைசியில் மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டார்.

ஊசியில் மருந்தா வெறும் உப்புநீரா என்று எக்கோ பார்க்கும் எனக்குத் தெரியாது. குறியீடு மட்டும்தான். மனிதப் புரதம் எலிக்கு அந்நியம் என்பதால், வாரங்கள் போகப்போக அதன் உடம்பு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி மருந்தை முடக்கிவிடலாம். அதற்காக ரத்தமும் எடுத்துப் பார்த்தோம். கடைசியில் நுரையீரலை எடை போட்டோம். இதயம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் சேர்ந்து கனக்கும். அந்தச் சின்னத் தராசின் முன்னால் நின்றபோது, வீட்டில் கிடக்கும் எடை மெஷின்தான் கண்ணுக்குள் வந்தது.

குறியீட்டை உடைத்தபோது மருந்து பெற்ற எலிகளின் இதயம் துடிக்கும்போது மற்றவற்றைவிட நன்றாகவே சுருங்கி விரிந்தது. ஆனால் நான் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். "அந்த எலிங்களுக்கும் மூச்சு வாங்குமாம்மா?" என்று அப்பா கேட்டார். வாங்கும் என்றேன். "அதுங்களுக்கு நல்லானா எனக்கும் நல்லாயிடுமா?"

அவரிடம் பொய் சொல்ல மனமில்லை. இதயச் செயலிழப்புக்காகச் சோதித்த செரெலாக்சின் என்ற புரத மருந்தின் கதையைச் சொன்னேன். ஆரம்ப முடிவுகள் அவ்வளவு நம்பிக்கை கொடுத்தன. 6,500 நோயாளிகளுக்கு மேல் சேர்த்துச் சோதித்த பிறகு, இறப்பைக் குறைக்கவில்லை என்று 2017இல் தெரிந்தது. எங்கள் எலிகள் இளம் ஆண் எலிகள், சர்க்கரை நோய் இல்லாதவை, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாதவை. அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை, தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்னைய மாதிரி எலியில பாரு," என்றார்.

அன்றிரவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடுத்த விண்ணப்பப் பாரத்தைத் தொடங்கினேன். வயதான எலிகள், ஆணும் பெண்ணும், சர்க்கரை நோயோடு, வழக்கமான இதய மாத்திரைகளுக்கு மேல் இந்தப் புரதம். 'ஏன் இந்த விலங்கு' என்ற கட்டத்துக்கு வந்தபோது, அப்பா தன் நோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.