பாதுகாப்பு ஆணை மனுவில் பிஸ்கட் டின்னுக்கும் இடமிருந்தது

பன்னிரண்டு ஆண்டுகள் சிங்கப்பூர் ஆயுதப் படையில் நிரந்தரப் பணியில் இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். உடலுறுதிச் சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே பட்டினி கிடப்பதும், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் முடிந்த மாலையில் கண்ணில் பட்டதையெல்லாம் தின்பதும் அங்கேயே தொடங்கிவிட்டன. தங்க விருது வாங்குகிறவளுக்குச் சாப்பாட்டில் கோளாறு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, நானும்தான்.

திருமணத்துக்குப் பிறகு கணவர் கைநீட்டிய இரவுகளில், அவர் உறங்கியதும் விளக்கைப் போடாமல் சமையலறையில் நின்றபடியே ஒரு டின் பிஸ்கட்டைத் தின்று தீர்ப்பேன். மெல்லும் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பதால் ஒவ்வொன்றையும் வாயிலேயே ஊறவைத்து விழுங்குவேன். காலையில் காலி டின்னைக் குலுக்கிக் காட்டி, "சார்ஜண்ட் மேடத்துக்கு ராத்திரிச் சோறு பத்தவில்லையா?" என்பார், அன்று முழுவதும் நான் தின்பதற்குக் கணக்குக் கேட்பார்.

முதலில் போனது பலதுறை மருந்தகத்துக்கு. எடை கூடியிருக்கிறது, நடைப்பயிற்சி செய்யுங்கள் என்றார் மருத்துவர். கையில் இருந்த கன்றலைப் பற்றிக் கேட்டதற்கு, பயிற்சியில் பட்டது என்றேன். நான் படையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தது அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு ஒரு நள்ளிரவில் வன்முறைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000-ஐ அழைத்தேன். அவர்கள் அனுப்பிவைத்த குடும்ப வன்முறை உதவி நிலையத்தில் இருந்த சமூக சேவை ஊழியர், எப்போது அடித்தார், எதனால் அடித்தார் என்றெல்லாம் கேட்டபின், "அடி வாங்கிய பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். "சாப்பிட்டேன்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, எவ்வளவு சாப்பிட்டீர்கள், பிறகு வாந்தி எடுத்தீர்களா, மறுநாள் பட்டினி கிடந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதுவரை எவரும் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதில்லை.

கணவர் மீண்டும் கைநீட்டக் கூடாது என்று நீதிமன்றம் தடைவிதிக்கும் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு மனுச் செய்யக் கட்டணம் 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிலையத்தில் இருந்தபடியே கணினி வழி மனுவை நிரப்பினோம். நாள், நேரம், இடம், நடந்தது என்று எழுதுவது எனக்குச் சிரமமாக இல்லை, படையில் எத்தனை சம்பவ அறிக்கை எழுதியிருப்பேன்! சாப்பாட்டுக் கணக்கையும் டின் பேச்சையும் சேர்க்கச் சொன்னவர் அந்த ஊழியர்தான். பெண்களையும் குடும்பத்தையும் பற்றிய சிங்கப்பூர்ச் சட்டமான மாதர் சாசனத்தில் செய்யப்பட்டு 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தில், உடலில் விழும் அடியோடு மனத்தை வதைப்பதும் குடும்ப வன்முறை என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருப்பதை அவர் விளக்கினார். ஆபத்து அருகிலிருப்பதாகக் கருதி நீதிமன்றம் 28 நாள் இடைக்கால ஆணையை முதலில் தந்தது. கணவர் மறுத்து வாதாடாததால் முழு ஆணைக்கு நெடுநாள் காத்திருக்க நேரவில்லை.

சாப்பாட்டுப் பிரச்சினைக்குத்தான் நாளாகிறது. மருத்துவமனையில் உணவியல் நிபுணர் போட்டுக்கொடுத்த அட்டவணைப்படி மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், உண்ண வேண்டும். இரவில் அளவு மீறினாலும் மறுநாள் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. பட்டினியே அடுத்த இரவின் பெருந்தீனிக்கு வழிவிடுகிறது என்றார். நீதிமன்றத்துக்குப் போன அன்று காலையிலும் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து இரண்டு தோசை தின்ன முயன்றேன். ஒன்றரைதான் இறங்கியது. அட்டவணையில் அதை அப்படியே எழுதி வைத்தேன்.